கண்மாய் காய்ந்தது என்று எழுதியவள்

மைக் பிடித்துப் பேசிய என் மூத்த மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டிருக்கலாம். போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றிச் சொன்னதை என் காதோடு வந்து சொல்லவில்லையே. ஒத்தக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அக்கரைச் சனமும் இக்கரைச் சனமும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மைக்கில் சொன்னாய். அதனால் பதிலும் எல்லாரும் படிக்கிற மாதிரிதான் வரும். ஒரு நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒன்று டீக்கடையில் பேப்பரோடு கிடக்கும். ஒன்று உன் வீட்டுக்கு வரும். உன் பெண்டாட்டி முதலில் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

விவரம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கும் ஒத்தக்கடைப் பக்கத்துப் புது வீடுகளுக்கும் நடுவில் கண்மாய் கிடக்கிறது. கரையைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். குறுக்கே பாலம் போட்டால் பத்து நிமிடம். அக்கரையில் வீடு வாங்கியவர்கள் பாலம் வேண்டும் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள், நீ அதற்குச் செயலாளர். நான் பாலமே கூடாது என்கிறவள் இல்லை. எனக்கும் முழங்கால் வலி உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எனக்கும் உயிர் போய் உயிர் வருகிறது. பாலம் எங்கே இறங்குகிறது என்பதில்தான் தகராறு. வரைபடத்தில் அதன் இக்கரை முனை நேராக, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நம் கடைசி மடையின் தலையில் வந்து இறங்குகிறது. அந்த மடையை மண் கொட்டி மூடினால்தான் சரிவு ரோடு போட முடியும். மூடிவிட்டால் கீழே இருக்கிற கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போக வேறு வழி கிடையாது. கொஞ்சம் வடக்கே தள்ளி, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் இறக்குங்கள் என்று கேட்டோம். “ஓடுற மடைன்னா தாராளமாத் தள்ளலாம்மா. இது உபயோகத்துல இல்லாத மடைன்னு ரெக்கார்டு இருக்கே” என்றார் மேடையில் இருந்த எஞ்சினீயர். எங்கே அந்த ரெக்கார்டு, காட்டுங்கள் என்று சனம் சத்தம் போட்டது. அப்போதுதான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நீ எழுந்தாய்.

முதலில் உன் அப்பாவின் சாவைச் சொன்னாய். “எங்கப்பா போன வருசம் நெஞ்சுவலி வந்து, இந்தக் கண்மாயைச் சுத்தி வர்ற வழியிலதான் ஆம்புலன்ஸ்லயே போனாரு. பாலம் இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பாரு” என்றாய். மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தின் நகலை எடுத்து வாசித்தாய். நம் ஊராட்சித் தீர்மானம். ‘கண்மாயில் நீர் இல்லை, கடைமடைக்கான மடை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதி, கீழே தலைவர் என்று என் கையெழுத்து. கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “எவன்யா இப்படி எழுதிக் குடுத்தது?” நீ கையைத் தூக்கி அவனை அமர்த்திவிட்டுச் சொன்னாய்: “எங்கம்மாதான் அப்ப தலைவர். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? அப்பா காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டாங்க. அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தானாம். மண்டபம் முழுக்க ‘உச்’ கொட்டியது. பக்கத்தில் இருந்த பாண்டியம்மா என் கையைத் தட்டி, “விடுக்கா, நம்மளுக்கு எங்க இதெல்லாம் தெரியுது” என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் என்னைப் பாவம் என்கிறார்கள், யாரும் திட்டவில்லை, தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சேலை மாற்றும்போதுதான் உறைத்தது. செத்துப்போன மனுசன் தலையில் பழியைத் தூக்கிப் போட்டிருக்கிறாய், நானும் தலையைக் குனிந்து ஆமாம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏண்டா, உனக்கு வாய் கூசவில்லையா? சரி, எனக்குக் கூசியதா?

அந்தத் தீர்மானம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். நம் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் உன் அப்பாவின் கூட்டாளிகள் அவர் பெண்டாட்டி என்ற ஒரே தகுதியில் என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவன் வாசலில் நிற்கிற என்னிடமே கேட்பான், “தலைவர் வீட்டுல இருக்காராக்கா?” என்று. உள்ளே அவர்கள் பேசுவார்கள், நான் டீ போடுவேன். உன் அப்பாவுக்கே அது பிடிக்காது. “என்னையக் கேக்காதீங்கடா, தலைவர் அந்தா நிக்குது” என்பார். சிரிப்பார்கள். அவருக்கு ஊர் கொடுத்திருந்த வேலை மடை பார்ப்பது. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு மேல் ஒரு அதிகாரமும் அவர் கேட்டதில்லை.

அப்புறம் அந்த வருசம் வந்தது. கண்மாயில் பாதித் தண்ணீர் கிடந்தது, ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடந்ததால் கடைமடை வயலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. பயிர் கருகிவிட்டது. வறட்சி நிவாரணம் கேட்கலாம் என்றால், கண்மாய் காய்ந்திருந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் காலையில் கடைமடைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். முத்துக்கருப்பன் அண்ணன்தான் முன்னால் நின்றார். உன் அப்பா வீட்டில் இல்லை. அவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. “தலைவியம்மா, நீங்கதான் ஒரு வழி பண்ணணும்” என்றார் முத்துக்கருப்பன். தலைவியம்மா! மூன்று வருசமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன், முதல்முறையாக ஒருத்தர் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்கு வந்தது. உச்சி குளிர்ந்துவிட்டது. அவர்கள் பட்ட கஷ்டத்துக்கு இரங்கினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இரங்கினேன்தான். ஆனால் அந்தச் சொல்லுக்காகத்தான் செய்தேன்.

எழுத்தர் எழுதிக்கொண்டு வந்த வாசகம் ‘இந்த ஆண்டு போதிய நீர் இல்லை’ என்பதுதான். இது பத்தாது என்று நான்தான் பேனாவைப் பிடுங்கினேன். மேலே இருக்கிறவனுக்கு உறைக்கிற மாதிரி எழுத வேண்டாமா? ‘பல ஆண்டுகளாக’ என்பது என் வார்த்தை. ‘பயன்பாட்டில் இல்லை’ என்பதும் என் வார்த்தை. யாரும் இடத்தைக் காட்டவில்லை, நான் கையெழுத்து மட்டும் போடவும் இல்லை. அந்தத் தீர்மானத்திலேயே உருப்படியான தமிழ் நான் எழுதிய அந்த ஒரு வரிதான். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உன் அப்பா மடையிலிருந்து முழங்கால் வரை சேறோடு வந்தார். மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்தார்.

“என்ன பிள்ள இது? மடைத்தூண்ல மூணு கல்லு முங்கத் தண்ணி கெடக்கு. முந்தாநேத்துதான அந்த மடையத் தொறந்து அடைச்சேன்.”

“வயலுக்குப் போகலையில்ல?”

“வாய்க்கா தூந்து கெடக்குன்னு எழுது. நெசமும் அதான். மடை செத்துப்போச்சுன்னு எழுதாத. காயிதத்துல செத்துருச்சுன்னா அப்பறம் எவன் வந்து எழுப்புவான்?”

“இங்க தலைவர் நீங்களா, நானா?”

இப்படிக் கேட்டேன் அவரை, எழுத்தர் முன்னால். தாளை மேசையில் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. நிவாரணம் வந்தது, ஊரே என்னைக் கொண்டாடியது. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருசம் கடைமடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவரே நின்று வாய்க்காலைத் தூர்வாரினார். அதிலிருந்து, கண்மாயில் தண்ணீர் கிடந்த வருசமெல்லாம் அந்த மடை ஓடுகிறது. மூன்று தடவை என்னிடம் சொன்னார், “அந்தத் தீர்மானத்த மாத்திரு பிள்ள” என்று. வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் மாற்றவில்லை. அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்தச் சண்டையே வந்திருக்காது.

உனக்கு இந்தப் புத்தி புதிது இல்லை. ஆறாம் வகுப்பில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கண்மாயில் மீன் பிடித்துக்கொண்டு திரிந்துவிட்டு, அப்பாவுக்குக் காய்ச்சல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன் என்று வாத்தியாரிடம் சொன்னாய். வாத்தியார் வழியில் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க, இந்த மனுசன் திருதிருவென்று விழித்திருக்கிறார். மறுநாள் வேலையை விட்டுவிட்டு உன் வகுப்பு வாசலில் வந்து நின்று, “எனக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன். இவன் மீன் பிடிக்கப் போனான்” என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நீ ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே உனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார், அதையும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் தின்றாய். அப்போது உயிரோடு இருந்தார், தானே நடந்து வந்து இல்லை என்றார். இப்போது அவர் பெயரைச் சொல்லி மண்டபத்தில் என்ன பேசினாலும் யார் வந்து மறுக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாய். நான் ஒருத்தி உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டாய்.

உன் அப்பாவின் சாவைப் பற்றியும் சொல்லவேண்டும். இதை எழுதுவதற்கு முன் இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அன்றைக்குக் காலையில், நீ ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்பே, “நெஞ்சுல என்னமோ அடைக்குற மாதிரி இருக்கு பிள்ள” என்றார். நேற்று தின்ற கறி செரிக்கவில்லை என்று திட்டிக்கொண்டே சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். பத்து மணிக்கு மறுபடி சொன்னார். ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சும்மா படுங்க என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வேர்த்துக் கொட்டி, பாயெல்லாம் நனைந்து கிடந்தார். அப்புறம்தான் ஆம்புலன்ஸ். நீ சொல்கிற அந்தச் சுற்றுவழி அரைமணி நேரத்தைத் தின்றது உண்மை. அதற்கு முன்னால் ஒரு அரைநாளை நான் தின்றேன்.

நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு எப்படிம்மா, எப்படிம்மா என்று கத்தினாய். வளைகாப்புக்குப் போனதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. “சுத்தி வர்றதுக்குள்ள போயிட்டாருடா” என்று சொல்லிவிட்டேன். பழியை ரோட்டின் மேல் போட்டால் ரோடு என்ன, எதிர்த்துப் பேசவா போகிறது? நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். அந்தத் துக்கத்தில்தான் குழுவில் சேர்ந்தாய், செயலாளர் ஆனாய், மைக் பிடித்தாய். நீ நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, என்மேல் வந்தது. பாலம் வேண்டும் என்று நீ கேட்க உனக்கு வேறு எத்தனையோ நியாயம் இருக்கலாம். பிரசவத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் பாலம் உதவும். அதைச் சொல்லிக் கேள். உன் அப்பாவைச் சொல்லிக் கேட்காதே.

ஆக, அந்த மண்டபத்தில் மூன்று பொய் இருந்தது. சாவைப் பற்றிய பொய் என்னுடையது, உன் வாயில் இருந்தது. காகிதத்தில் இருந்த பொய்யும் என்னுடையது, உன் கையில் இருந்தது. அப்பா காட்டிய இடத்தில் ஒன்றும் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்ற மூன்றாவது மட்டும் உன் சொந்தச் சரக்கு. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்பாய். நான் கேட்டேனா? அறுபது வயதுக்காரியை, ஐந்து வருசம் ஒரு ஊராட்சியில் தலைவராக இருந்தவளை, ஒன்றும் தெரியாதவள் என்று சபையில் சொல்வதற்குப் பெயர் காப்பாற்றுவதா? உன் மகளை நாளைக்கு எவனாவது இப்படிக் ‘காப்பாற்றினால்’ நீ சும்மா இருப்பாயா? தப்புச் செய்தவள் என்று சொல்லியிருந்தால் வலித்திருக்கும், பொறுத்துக்கொண்டிருப்பேன். இது ஆறவில்லை.

நேற்று தாலுகா ஆபீஸுக்குப் போனேன். போவதற்கு முன் முத்துக்கருப்பன் அண்ணனிடம் சொன்னேன், நிவாரணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள் என்று. அவர் அன்றைக்கு மண்டபத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். “நாங்களுந்தானம்மா கேட்டு வாங்குனோம். வந்தாப் பாத்துக்குவோம். மடைய மூடிட்டாய்ங்கன்னா அப்பறம் என்னத்தப் பாக்குறது? போயிட்டு வாங்க” என்றார். ஆபீஸில் ஒரு நல்ல பையன் இருந்தான், உன்னைவிடச் சின்னவன். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“அம்மா, தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுங்க. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது.”

“அப்படி எழுதுனா அந்த ரெக்கார்டு என்னாகும்?”

“அது அப்படியே இருக்கும்மா. உள்ள எழுதுனது பொய்யின்னு நீங்க சொல்லலையே.”

“பொய்யின்னு எழுதுனா?”

“மறுபடி விசாரிக்கணும். மடையை வந்து பாக்கணும். ஆனா தெரிஞ்சே எழுதுனீங்கன்னா உங்க மேல கேஸ் வரலாம்மா.”

நல்ல வேடிக்கை. ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் நான் பிழைப்பேன், மடை சாகும். தெரிந்து செய்தவளாக இருந்தால் மடை பிழைக்க வழி உண்டு. நீ எனக்கு மண்டபத்தில் கொடுத்த அதே பட்டத்தைத்தான் அந்தப் பையனும் கொடுத்தான், இன்னும் மரியாதையாக. மண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லாத அந்தப் ‘பாவம், என்ன தெரியும்’ பட்டத்தை நான் வேண்டாம் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: அந்த வரியை நானே எழுதினேன், பொய் என்று தெரிந்தே எழுதினேன், என் கணவர் வேண்டாம் என்று தடுத்தார், நான் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். கேஸுக்குப் பயந்து அழவில்லை. அவர் மூன்று தடவை கேட்டதை அவர் போன பிறகுதான் செய்திருக்கிறேன் என்று அழுதேன்.

விசாரித்து, மடையைப் பார்த்து, பாலத்தை வடக்கே தள்ளினால் நல்லது. தள்ளாமல் மடையின் தலையிலேயே இறக்கினாலும் இறக்கட்டும், அவர்களோடு நானும் கடைமடைக்காரர்களும் பேசிக்கொள்கிறோம். அது உன் வேலை இல்லை. உன் வேலை ஒன்றே ஒன்றுதான். அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில் வருகிறது. நீ செயலாளர், கேட்டால் மைக் தருவார்கள். ‘எங்கப்பா கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, போடாதே என்றார்’ என்று சொல். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், அதை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னுடைய பொய் இரண்டையும் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். உன்னுடையதை நீ எடுத்துக்கொள்.

அதுவரை என் வாசலில் கால் வைக்காதே. பிள்ளைகளை அனுப்பு, நீ வராதே. சொல்லிவிட்டு வா. எந்த வழியாக வந்தாலும் சரி.

இப்படிக்கு,
எல்லாம் தெரிந்த உன் அம்மா